கவர்க்காவும் தொண்ணூற்றேழு டிகிரியும்

சலவை நிலையத்தின் அலுவலகக் கோப்பில் அவரைப் பற்றி நான்கு வரிகள் இருக்கின்றன. "பதவி: மடிப்புப் பிரிவு உதவியாளர், நிலை மூன்று. பணி: உலர்ந்த துணிகளை மடித்து அடுக்குதல். தொழில்நுட்பத் தகுதி: ஏதுமில்லை. குறிப்பு: இயந்திரங்களைத் தொட அனுமதி இல்லை." அதன் கீழே அவருடைய கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் இஸ்திரி போட்டது மாதிரி.

இந்த நான்கு வரிகளில் எதையும் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவர் மடிப்புப் பிரிவில்தான் வேலைக்குச் சேர்ந்தார். மடிக்கவும் செய்கிறார், அதுவும் மூலைக்கு மூலை பிசகாமல். ஆனால் இந்த விவரத்தை வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் அவரைத் தேடிப் போனால் கண்டுபிடிக்க மாட்டீர்கள். மடிப்பு மேசை காலியாக இருக்கும். அவர் நான்காம் எண் உலர்த்தும் இயந்திரத்தின் முதுகுப்பக்கம், கையில் துடைப்பக் கட்டையோடு நின்றுகொண்டிருப்பார்.

இரண்டு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் ஐந்தாறு விடுதிகளின் துண்டுகளும் அங்கே வருகின்றன. காய வைக்க ஆளுயர இயந்திரங்கள் ஆறு. சூடான காற்று ஒரு பக்கம் நுழைந்து, துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, பின்பக்கக் குழாய் வழியாக வெளியேற வேண்டும். ஆனால் காற்றோடு பஞ்சும் கிளம்பும். போகிற வழியில் எங்காவது சௌகரியமாகப் படிந்துகொள்ளும். பஞ்சு படிந்தால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் சூடு போகாது, சூடு போகாவிட்டால் இயந்திரம் தன்னைத் தானே அணைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டும். மெக்கானிக் வருவது செவ்வாய்க்கிழமை மட்டும். இயந்திரங்கள் கிழமை பார்த்து நிற்பதில்லை.

"கவர்க்கா, நாலாம் நம்பர் படுத்துடுச்சு. கொஞ்சம் பாருங்களேன்" என்பார் மேற்பார்வையாளர்.

"தொடக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வாங்கினீங்க தம்பி?"

"தொட வேணாம்க்கா. சும்மா பாருங்க. நீங்க பாத்தாலே அது ஓடிடும்."

அவர் பார்ப்பார். துடைப்பக் கட்டையின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டு, தலையணை அளவுக்குப் பஞ்சை வெளியே இழுத்துப் போடுவார். சிவப்பு விளக்கு அணையும். கட்டையால் தொடுவது தொடுவதாகுமா என்பதைப் பற்றி நிர்வாகம் இன்றுவரை எந்த முடிவுக்கும் வரவில்லை. பதினாறு வருடங்களாக.

கவர்க்கா என்பது அவருக்குச் சலவை நிலையத்தில் விழுந்த பெயர். காரணம் வீட்டில் இருந்தது.

புதிதாக வாங்கும் எந்தப் பொருளின் மேலும் பாதுகாப்புக்காக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி வருமே, அதை அவர் உரிக்க விட மாட்டார். அந்த வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்கு ஆறு வயது; அதன் கதவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. ஓரம் சுருண்ட இடங்களில் செலோடேப் போட்டிருக்கிறார். டிவி ரிமோட் அது வந்த உறைக்குள்ளேயே இருப்பதால் ஒலியைக் கூட்ட நினைத்தால் சேனல் மாறும். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடித் தாளுக்குள் காற்றுக் குமிழ் ஒன்று புகுந்துவிட்டது. ஏழிலிருந்து எட்டுவரை மணி தெரியாது. ஒருமுறை சலவை நிலையத்திலிருந்து நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சோபாவில் உட்கார்ந்ததும் எழுந்த சரசரப்பில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் பெயர் வந்துவிட்டது.

"இந்த வீட்டுல கவர் இல்லாம இருக்கிறது நான் ஒருத்தன்தான்" என்று அவர் கணவர் சொல்வதுண்டு. அவர் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே வாழ்வதால் மெதுவாகத்தான் பேசுவார், மெதுவாகத்தான் நகருவார்.

"உங்களை உங்கம்மா உரிச்சுக் குடுத்துட்டாங்க. என்கிட்ட கவரோட வந்திருந்தா இப்பவும் புதுசா இருந்திருப்பீங்க."

அந்தத் தாள்களில் எல்லாம் 'உபயோகிக்கும் முன் அகற்றவும்' என்று அச்சடித்திருக்கிறதே என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் வைத்திருந்தார். "அது சாமானை வச்சுக்கத் தெரியாதவங்களுக்காக எழுதினது."

ஆக, வேலை செய்யும் இடத்தில் அடைத்துக்கொண்டிருப்பதை எல்லாம் பிடுங்கி எறிபவர், வீட்டுக்கு வந்தால் எல்லாவற்றையும் மூடி வைத்தார். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு செய்ததால் இதில் முரண்பாடு இருப்பது அவர் உட்பட யாருக்கும் தோன்றவில்லை.

அதே வீட்டில், பின்பக்கத்துச் சின்ன அறையில், அவருடைய நாத்தனார் இருந்தாள். கணவரின் தங்கை, முப்பத்தொரு வயது, வீட்டில் சின்னு. இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நம்மை நடக்க வைப்பது அவள் தொழில். வரைபடத்தை வாங்கி, கணினியில் சுவர் எழுப்பி, ஜன்னல் திறந்து, வெயிலை உள்ளே விட்டு, அதற்குள் நடந்துபோவது போல ஒரு படம் எடுத்துக் கொடுப்பாள். எட்டு வருடம் ஒரு வரைபட அலுவலகத்தில் இதைச் செய்தாள். செய்தது அவள், அடியில் பெயர் முதலாளியுடையது. நான்கு மாதத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தனியாகத் தொடங்கினாள். முதல் பெரிய வேலையாக ஒரு குழந்தைகள் நூலகம் கிடைத்தது. மூன்று நிமிடப் படம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டடக் குழு கூடும்; அதற்குள் படம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் குழு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும், சின்னு பழைய நாற்காலிக்குத் திரும்புவாள். நாற்காலி காலியாக இருப்பதாக முதலாளி வாரம் தவறாமல் தொலைபேசியில் தெரிவித்து வந்தார்.

மூன்று நிமிடம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது. விநாடிக்கு இருபத்துநான்கு வீதம் நாலாயிரத்து முந்நூற்று இருபது படங்கள். ஒவ்வொரு படத்திலும் எந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்து எந்த அலமாரியில் பட்டு எங்கே சிதறுகிறது என்பதைக் கணினி கணக்குப் போட வேண்டும். ஒன்றுக்கு இருபது விநாடி என்று சின்னு தீர்மானித்திருந்தாள். ஒரு முழு நாள் நிற்காமல் ஓடினால் முடிந்துவிடும். இப்படி மூச்சு விடாமல் வேலை வாங்கினால் கணினியின் பிராசஸர் கொதிக்கும். அது ஒரு பிஸ்கட் அளவுதான். ஆனால் சூடு அதன் அளவைப் பார்த்து வருவதில்லை. நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அப்படியும் ஆகாவிட்டால் அணைந்துவிடும். அதனால்தான் அதன் தலையில் கூலர் ஒன்றை உட்கார வைக்கிறார்கள். அடியில் வழவழப்பான செம்புத் தகடு பிராசஸர் மேல் அழுந்தி உட்கார்ந்து சூட்டை வாங்கும். குழாய்கள் அதை மேலே கொண்டுபோகும். மேலே அடுக்கடுக்காக உலோகத் தகடுகள். அவற்றின் மேல் ஃபேன் ஊதும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை சின்னு பழைய கூலரைக் கழற்றிவிட்டு, இந்த வேலைக்கென்றே வாங்கிய பெரிய கூலரைப் பொருத்தினாள். கவர்க்கா டார்ச் பிடித்தார். பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பசையைப் பட்டாணி அளவு வைத்து, கூலரை எடுத்துத் தயாராக்கி, பொருத்தப் போகிற நேரத்தில் தொலைபேசி அடித்தது. முதலாளி. சின்னு கூலரை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. அதற்குள் அண்ணி மேசையைத் துடைத்து, திருகாணிகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் பொருத்தத் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

"நாற்காலி காலியா இருக்காம் அண்ணி."

"இருக்கட்டும். தூசி படியாம ஒரு கவர் போட்டு வைக்கச் சொல்லு."

சின்னு சிரித்துக்கொண்டே கூலரை வைத்து நான்கு திருகாணிகளையும் முறுக்கினாள். அன்று மாலையே கவர்க்கா அந்தப் பெட்டிக்குப் பூப்போட்ட துணியில் உறை ஒன்று தைத்துப் போட்டார். அடுத்த மூன்று வாரமும் வரைவது, சுவர் எழுப்புவது என்று லேசான வேலைகள். பெட்டி ஒழுங்காகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சின்னு முழுப் படத்தையும் ஓட விட்டாள். பன்னிரண்டு நாற்பதுக்குத் திரை கறுத்தது.

மறுபடி போட்டாள். முப்பது நிமிடம். மறுபடி. இருபத்தைந்து. திரையின் மூலையில் சூடு காட்டும் எண் ஓட்டப்பந்தயம் மாதிரி தொண்ணூற்றேழுக்கு ஏறி அங்கேயே குந்திக்கொண்டது. கூலர் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"மேடம், உங்க லோடுக்கு அது பத்தாது. தண்ணி சுத்துற கூலர் இருக்கு, அதைப் போட்டுடுங்க."

"மூணு வாரம் முன்னாடி இதுதான் யானைன்னு சொன்னீங்க."

"யானைதான் மேடம். உங்களுக்கு ரெண்டு யானை வேணும்."

புது யானை வர அடுத்த வாரம் ஆகும்.

நாலரை மணிக்குக் கவர்க்கா வேலையிலிருந்து வந்தார். சின்னு தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட அண்ணன் வாசற்படியில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"வெப்பம் பரவறதுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு..."

"நீங்க ஒரு வழி விடுங்க முதல்ல" என்று கவர்க்கா அவரை நகர்த்திக்கொண்டு உள்ளே போனார். பெட்டியைச் சுற்றி வந்தார். காதை வைத்துக் கேட்டார். முன்பக்கம் ஒரு கையும் பின்பக்கம் ஒரு கையும் வைத்து நின்றார். சலவை நிலையத்தில் அவர் ஓர் இயந்திரத்தைப் 'பார்ப்பது' இப்படித்தான். பார்த்திராதவர்கள் பிரார்த்தனை என்று நினைப்பார்கள்.

"இது எந்தப் பக்கம் மூச்சு வாங்குது, எந்தப் பக்கம் விடுது?"

"முன்னாடி வாங்கும் அண்ணி, பின்னாடி விடும்."

"பின்னாடி எங்க விடும்? செவுரு இருக்கு. நாலு விரக்கடை இடம் இல்ல. விட்டதையே மறுபடி வாங்கிட்டிருக்கு." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "இந்த உறையை யாரு போட்டது?"

உறையில் அவர் வீட்டுத் திரைச்சீலையின் பூ இருந்தது.

"சரி, நாந்தான். அழகாத்தான் இருந்துச்சு" என்று உறையை உருவி மடித்து வைத்தார். மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தார். முன்பக்க வலையைக் கழற்றித் தூசியை பிரஷ்ஷால் தட்டினார். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்; அதன் மேல் தாள் அப்படியே இருந்ததால் அலுங்காமல் கட்டிலில் சாய்த்து வைத்தார். மேசை விசிறியைக் கொண்டுவந்து திறந்த பக்கத்தில் வைத்தார்.

இந்த முறை பெட்டி அணையவில்லை. கணவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பார்த்து ஸ்கோர் சொன்னார். "தொண்ணூத்தி அஞ்சு. தொண்ணூத்தி ஆறு. அவுட் ஆகல." ஆனால் சூட்டுக்குப் பயந்து பிராசஸர் ஓட்டத்தை விட்டு நடக்கத் தொடங்கியிருந்தது. ஒரு படத்துக்கு இருபது விநாடி என்பது அறுபத்துநான்கு ஆனது. கவர்க்கா தம் வேலை முடிந்ததாகவே எண்ணிப் படுக்கப் போனார். நம்பிக்கையுள்ளவர்கள் நன்றாகத் தூங்குவார்கள் என்பதற்கு அந்த வீட்டில் அவரே சாட்சி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திரை தன் மதிப்பீட்டைச் சொன்னது: முடியும் நேரம் திங்கள் இரவு ஒன்பதரை. குழு கூடுவது பத்து மணிக்கு, காலை பத்து. ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் உதைக்கிறது. அதே நேரத்துக்கு முதலாளியிடமிருந்து செய்தி வந்தது. 'செவ்வாய் ஒன்பது மணிக்கு வந்தால் போதும்.' சின்னு அதற்கு 'சரி' என்று எழுதினாள். அனுப்பவில்லை, எழுதி வைத்திருந்தாள்.

கவர்க்காவுக்கு அன்று அரை நாள் வேலை. அதே பத்து மணிக்குச் சலவை நிலையத்தில் இரண்டாம் எண் இயந்திரம் நின்றிருந்தது.

"வடிகட்டியெல்லாம் சுத்தமா இருக்குக்கா" என்றார் மேற்பார்வையாளர். "ஃபேன் ஓடுது. உள்ள கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. எனக்கு ஒண்ணும் புரியல."

கவர்க்கா முன் கதவைத் திறந்து முகத்தில் அனலை வாங்கிக்கொண்டார். பிறகு பின்பக்கம் போய் வெளியேற்றும் குழாயில் உள்ளங்கையை வைத்தார். குழாய் குளிர்ந்திருந்தது.

"உள்ள அனல், வெளிய ஐஸு. இதுக்கு ஃபேனை மாத்தி என்ன பண்ண? சூடு இங்க வந்து சேரவே இல்ல தம்பி. நடுவுல எதுவோ உக்காந்திருக்கு." கட்டையை விட்டுத் துழாவினார். குழாயின் வளைவில் ஒரு தலையணை உறை. இழுத்துப் போட்டு, உதறி, மடித்தார். மடிப்பது அவர் பணி.

இரண்டு நிமிடம் மேசையருகே சும்மா நின்றார். அது அவர் வழக்கமில்லை என்பதால் மேற்பார்வையாளருக்குக் கவலை வந்துவிட்டது.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"தம்பி, நான் இன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போறேன். வீட்டுல ஒரு மிஷின் இருக்கு, பாக்கணும்."

"வீட்டு மிஷினைத் தொடலாமாக்கா?"

"அதுக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடல."

வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக் கழற்றியதோடு சரி. முகம்கூடக் கழுவாமல் பின்னறைக்குப் போனார். விசிறி இரைந்துகொண்டிருந்தது. எண் தொண்ணூற்றேழு. அவர் மேசை விசிறியை அணைத்தார்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"கை வைக்கப் போறேன். எங்க தொட்டா ஷாக் அடிக்காது, சொல்லு."

"மேல இருக்கிற தகட்டைத் தொடலாம். ஆனா சுடும்."

கவர்க்கா கூலரின் உலோக அடுக்குகள் மேல் உள்ளங்கையை வைத்தார். நன்றாக அழுத்தி வைத்தார். எடுக்கவே இல்லை.

"நீ வை."

சின்னு தயங்கித் தொட்டாள். அவள் கையும் அங்கேயே நின்றுவிட்டது. கீழே பிராசஸர் கொதித்துக்கொண்டிருக்க, அதன் சூட்டைச் சுமக்க வேண்டிய கூலர், வேலைக்கே வராதவர் போலச் சாதாரணமாக இருந்தது.

"கீழ தொண்ணூத்தேழு. மேல ஒண்ணுமில்ல. இத்தனை நேரம் நாம வேலையில்லாதவனுக்கு விசிறிட்டிருந்தோம்" என்றார் கவர்க்கா. "சூடு மேல வரல சின்னு. நடுவுல எதுவோ இருக்கு. கழட்டு."

"கழட்டணும்னா நிறுத்தணும். ஏற்கெனவே நேரம் இல்ல."

"இப்படியே ஓடினா திங்கக்கிழமை ராத்திரி. யாருக்குக் காட்டப் போற, வாட்ச்மேனுக்கா? கழட்டு."

சின்னு ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தி, பெட்டியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கினாள். சூடு தணியப் பத்து நிமிடம் விட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கணவர் வந்து, வெப்பம் பரவும் மூன்று வழிகளில் இரண்டைச் சொல்லி முடித்தார். நான்கு திருகாணிகளையும் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்திச் சின்னு கூலரைத் தூக்கினாள். வந்துவிட்டது. திருப்பினாள்.

செம்புத் தகட்டின் மேல், பசை அப்பிய நிலையில், கண்ணாடி போன்ற ஒரு தாள். பசைக்கு அடியில் சின்னச் சிவப்பு எழுத்துகள் தெரிந்தன. பொருத்தும் முன் அகற்றவும்.

சின்னு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் உரிக்கல" என்றாள். "எட்டு வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கேன். நேத்து வந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், இதை உரிக்கணும்னு. முதலாளி போன் பண்ணின கோவத்துல உரிக்காமலே மாட்டியிருக்கேன். இதையே ஒழுங்கா பண்ணத் தெரியல, நான் தனியா தொழில் பண்றேனாம்." அவள் கை தொலைபேசியைத் தேடியது. 'சரி' அதில் எழுதியபடியே இருந்தது. அனுப்ப ஒரு விரல் போதும்.

கவர்க்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எந்தப் பொருளின் மேல் எந்தத் தாள் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

"போனைக் கீழ வை" என்றார். "நீ உரிச்ச."

"இல்ல அண்ணி, பாருங்க, அப்படியே இருக்கு."

"நீ ஒழுங்கா உரிச்ச. உரிச்சு மேசை மேல போட்டுட்டுப் போன் பேசப் போன. நான் பாத்தேன். செம்பு பளபளன்னு கெடந்துச்சு, மூஞ்சி தெரியுது. கீறல் விழுந்துடுமேன்னு நான்தான் எடுத்து மறுபடி ஒட்டினேன்."

சின்னு தலையைத் தூக்கினாள். கணவர் மூன்றாவது வழியைச் சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார்.

"நீங்களா?"

"நாந்தான். ஓரமெல்லாம் நகத்தால அழுத்தி விட்டேன்." அவர் தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவரையும் மீறிக் குரலில் ஒரு பெருமிதம் வந்துவிட்டது. "பாரு, ஒரு குமிழ்கூட இல்ல."

முதலில் சிரித்தது கணவர். ஆய்வகத்தில் சிரிப்பது மாதிரி, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. சின்னு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

"மூணு வாரமா அண்ணி! நேத்திலேர்ந்து நான் இங்க செத்துட்டிருக்கேன்!"

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஒரு தாளு, வெங்காயத் தோல் அளவு. அது ஒரு யானையை நிறுத்தும்னு யாரு கண்டா?" பிறகு, குரலை இறக்கி, "தப்புதான். என் தப்பு. உன் தப்பு இல்ல. உனக்கு வேலை தெரியும். அதை அவருக்கு எழுது முதல்ல."

"எதை?"

"அந்த 'சரி'யை அழிச்சுட்டு, நாற்காலியை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு."

"முதல்ல இது ஓடட்டும் அண்ணி."

"ஓடும்."

தாளின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, ஒரே இழுப்பில் கவர்க்கா உரித்தார். அவர் வாழ்நாளில் ஒரு புதுப் பொருளிலிருந்து அதை உரித்தது அதுதான் முதல் தடவை. உரிக்கும்போது எழுந்த அந்தச் சின்ன 'கிரீச்' சத்தத்துக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்று கணவர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்; அவர் மறுக்கிறார்.

இப்போது புதுப் பசை வேண்டும். கடை சனிக்கிழமை பன்னிரண்டுக்கே மூடிவிடும். சின்னு முகத்தில் மறுபடி இருட்டு விழுவதற்குள் கவர்க்கா சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். கூலர் வந்த அட்டைப் பெட்டி, உள்ளே அது வந்த உறை, உறைக்குள் மீதமிருந்த பசைக் குழாய், அதன் வாயில் மூடி, மூடிக்கு மேல் பிளாஸ்டிக் சுற்றி ரப்பர் பேண்ட். பசை காயவே இல்லை. மூடி வைப்பதில் தவறே கிடையாது என்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. டப்பாவை மேசையில் வைத்த விதத்திலேயே அது இருந்தது.

"பழைய பசையைத் துடைக்கணும். எதால துடைப்ப?"

"டிஷ்யூ பேப்பர்?"

"பஞ்சு விடும். வேணாம்." பீரோவிலிருந்து பழைய மூக்குக் கண்ணாடித் துணியை எடுத்தார். எந்தத் துணி பஞ்சு விடும், எது விடாது என்று உலகத்தில் ஒருவரிடம் கேட்க வேண்டுமானால் அவரிடம்தான் கேட்க வேண்டும். முதலுதவிப் பெட்டியிலிருந்து கணவர் ஸ்பிரிட் கொண்டுவந்தார். அறிவியலுக்கு அன்று அவர் செய்த ஒரே நேரடிச் சேவை அது. பிராசஸரும் செம்பும் முகம் தெரியத் துடைக்கப்பட்டன. பசை வைத்தது சின்னு. பட்டாணி அளவு, நடுவில். கூலரை நேராக இறக்கி, திருகாணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். கவர்க்கா டார்ச் பிடித்தார், இரண்டு கையாலும். ஒரு கை சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

ஒரு மணிக்கு, நிறுத்திய படத்திலிருந்து மறுபடி ஓட விட்டார்கள். எண் ஏறியது. ஐம்பது. அறுபது. அறுபத்தெட்டில் நின்றது. பத்து நிமிடம் கழித்தும் அறுபத்தெட்டு. கூலரின் பின்னால் கை வைத்தால் வெதுவெதுவென்று காற்று வந்தது. கவர்க்கா அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு படத்துக்கு இருபது விநாடி. முடியும் நேரம், ஞாயிறு காலை ஏழுக்குக் கொஞ்சம் முன்னால்.

"மேசை விசிறி வேணுமா?" என்று கேட்டார் கணவர்.

"எனக்கு வேணும். இப்படித் திருப்புங்க" என்று கவர்க்கா கட்டிலில் சாய்ந்தார்.

சின்னு முதலாளிக்கு இரண்டு வரி எழுதினாள். அனுப்பும் முன் அண்ணியிடம் காட்டினாள். 'நன்றி ஐயா. நான் வரவில்லை.'

"ஐயாவை எடுத்துடு" என்றார் கவர்க்கா. பிறகு மனம் மாறி, "இருக்கட்டும். மரியாதை ஒரு கவர்தானே" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கடைசிப் படம் விழுந்தது. அன்று முழுக்கச் சின்னு ஒலி சேர்த்தாள். திங்கள் காலை எட்டரைக்குப் படம் போய்ச் சேர்ந்தது. பத்து மணிக்குக் குழு இன்னும் கட்டாத நூலகத்துக்குள் மூன்று நிமிடம் நடந்து பார்த்தது. அடியில் சின்னுவின் பெயர் இருந்தது. புதன்கிழமை அடுத்த வேலை வந்தது, அதே குழுவிடமிருந்து, இந்த முறை ஒரு நீச்சல் குளம். தண்ணீருக்கு இன்னும் அதிகக் கணக்கு வேண்டும் என்றாள் சின்னு. தண்ணீர் கூலரா என்று பயந்தார் அண்ணன்.

இதனால் கவர்க்கா திருந்திவிட்டார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்தத் தாள் ஏழாவது வருடத்தில் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஏழிலிருந்து எட்டுவரை மணி தெரியாது. ஒரே ஒரு மாற்றம்: புதிதாக எது வாங்கினாலும் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, "இது சூடாகிற சாமானா?" என்று கேட்கிறார். இல்லை என்றால் தாள் தப்பித்தது.

சலவை நிலையத்தில் வருடக் கடைசியில் கோப்புகளைப் புதுப்பித்தார்கள். மடிப்புப் பிரிவு உதவியாளர், நிலை மூன்று. தொழில்நுட்பத் தகுதி ஏதுமில்லை. இயந்திரங்களைத் தொட அனுமதி இல்லை. அவர் படித்துப் பார்த்து, மூலைக்கு மூலை பிசகாமல் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் அவர் செய்தது அந்தக் கோப்பில் இல்லை: கூலரின் அடியிலிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தார், அதை ஒட்டியது தாம்தான் என்று சொன்னார்.